சம்பந்தி வீட்டு வாசலில் செல்ஃப் எடுக்காத கார்

கலியபெருமாளின் காரைப் பற்றி யாராவது குறை சொல்லவேண்டும் என்றால், முதலில் காரை விட்டுத் தள்ளிப் போகவேண்டும். "அது காதுல விழுற மாதிரி பேசாதீங்க" என்று அவரே கையைப் பிடித்து உப்புக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போவார். அங்கே நின்று, "இப்பச் சொல்லு" என்பார். கொட்டகை வரை நடந்ததிலேயே பாதிப் பேருக்குச் சொல்லவந்தது மறந்துபோகும். மீதிப் பேர் சொல்வதை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்யமாட்டார்.

மரக்காணம் உப்பளத்தில் குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பு வாருகிறவர் அவர். வெயிலிலும் உப்பிலும் காய்ந்து கறுத்த உடம்பு, வெள்ளை வேட்டி, அதைவிட வெள்ளையாக ஒரு டீசல் அம்பாசிடர். ஆரோவில் பக்கத்துக் குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் நடத்திக்கொண்டிருந்த ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது அவரிடமிருந்து வாங்கிய பழைய வண்டி. பின் கண்ணாடியில் ஏதோ வெளிநாட்டுப் பாஷையில் ஒரு வரி ஒட்டியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கலியபெருமாளுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும் என்று நம்பி அதைத் தினமும் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

உப்பின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையைச் சொல்லாமல் காரைப் பற்றிச் சொல்ல முடியாது. பல்வலிக்கு உப்புத் தண்ணீர், சுளுக்குக்கு உப்பு ஒத்தடம், சொம்பு மங்கினால் உப்பும் புளியும், பிள்ளை வீறிட்டு அழுதால் உப்பைச் சுற்றி அடுப்பில் போடுவது. டாக்டர் வீட்டுக்குப் போனாலும் மடியில் ஒரு பிடி உப்போடு போகிற மனுஷர். உப்புக்கு அடங்காத ஒன்று இருந்தால் அது நோயே இல்லை, வேறு ஏதோ கெட்ட பழக்கம் என்பது அவர் கட்சி.

ஆகவே காருக்குத் திருஷ்டி கழிக்கவேண்டி வந்தபோது, மற்றவர்களைப் போல அவர் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தேடிப் போகவில்லை. தன் பாத்தியில் தன் கையால் வாரிய கல் உப்பைச் சிவப்புத் துணியில் முடிந்து முன் பம்பரில் கட்டினார். அன்று சாயங்காலமே தெருவிலிருந்த ஆடுகள் எல்லாம் வந்து காரை நக்க ஆரம்பித்தன. மறுநாள் ஒரு மாடு வந்தது. அது பம்பரோடு நிற்காமல் நம்பர் பிளேட்டு வரை போய்விட்டது. அதன்பிறகுதான் முடிச்சை பானெட்டுக்குள் கொண்டுபோனார். பேட்டரிக்குப் பக்கத்தில் வாகாக ஓர் இடம் இருந்தது. அங்கே கட்டினால் ஆட்டுக்கும் எட்டாது, மழையும் படாது. அமாவாசைக்கு அமாவாசை புது முடிச்சு ஏறியது. பழையதைக் கழற்றிக் கடலில் போடச் சொல்லி அவர் மனைவி சின்னப்பாப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"காவலுக்கு நிக்கிறவனை எதுக்குடி வேலைய விட்டுத் தூக்கணும்?" என்று கேட்டுவிட்டார். முடிச்சின் மேல் முடிச்சாகச் சேர்ந்துகொண்டே போயிற்று.

ஒரே மகள் பாக்கியலட்சுமியை இடையஞ்சாவடியில் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை தேவா ஆரோவில்லில் ஒரு நாற்றுத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவன். அதிகம் பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் அம்மா மங்கம்மா பேசுவாள். அவள் கெட்டவள் என்று யாரும் சொல்லமுடியாது. பெண் பிள்ளை இல்லாத வீடு. வந்த மருமகளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். தாங்கியதுதான் வம்பாயிற்று. பாக்கியலட்சுமி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து, அவளைப் பிரசவத்துக்கு மரக்காணம் அனுப்ப மங்கம்மாவுக்கு மனசே வரவில்லை.

தலைப் பிரசவம் தாய்வீட்டில் என்பது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான வழக்கம்தான். மங்கம்மா வழக்கத்தோடு மோதவில்லை. கேள்வி மட்டும் கேட்டாள்.

"இங்கேருந்து பாண்டி ஆஸ்பத்திரி கூப்பிடுற தூரம் அண்ணே. நீங்க உப்பளத்து நடுவுல இருக்கறீங்க. வலி எடுத்தா என்னாத்துல ஏத்திக்கிட்டு வருவீங்க?"

"என்னாத்துலயா? என் கார்ல. சாவியத் திருப்பினா புறப்படுது."

"திருப்பினா புறப்படும் இல்ல?"

"இது வரைக்கும் ஒருத்தன்கூட கை வச்சுத் தள்ளினது கெடையாது தங்கச்சி."

மங்கம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி. உங்க வாக்கை நம்பித்தான் புள்ளைய அனுப்பறேன். வளைகாப்பு முடிஞ்சதும் அதே கார்ல வந்து கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள்.

அந்தப் பேச்சோடு கார் வெறும் காராக இல்லாமல் போயிற்று. சின்னப்பாப்பா உள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்து மடித்து வைத்து, மகள் வரப்போகிற நாளை நினைத்து நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். கலியபெருமாள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டில் மகள் சத்தம் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை என்பது சின்னப்பாப்பாவுக்குத் தெரியும்.

சுனாமிக்கு மறு வருஷம், ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை வளைகாப்பு. கலியபெருமாளும் சின்னப்பாப்பாவும் விடியலில் புறப்பட்டார்கள். கார் ஜம்மென்று ஓடியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பஸ்ஸைக்கூட முந்திவிட்டார். அதை இடையஞ்சாவடியில் இறங்கியதும் சம்பந்தி செல்லப்பனிடம் சொல்லவும் செய்தார்.

வளையல் அடுக்கியாயிற்று. தேங்காய்ச் சாதம், புளிச் சாதம் என்று கலவைச் சாதங்களின் பந்தியும் முடிந்தது. நல்ல நேரத்தில் பாக்கியலட்சுமியை வாசற்படி தாண்ட வைத்து, ஆலம் சுற்றி, காரின் பின் சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தெருவே கூடி நின்றது. மங்கம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி கையை ஆட்டினாள். கலியபெருமாள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு, சாவியைத் திருப்பினார்.

டக்.

அவ்வளவுதான். அவர் மறுபடியும் திருப்பினார். மறுபடியும் டக். ஆட்டிக்கொண்டிருந்த கையை மங்கம்மா அப்படியே நிறுத்தினாள்.

"என்னாண்ணே?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. சாப்பாடு ஜாஸ்தி ஆயிடுச்சுல்ல, கொஞ்சம் அசந்துட்டுது" என்றார் கலியபெருமாள். யாரும் சிரிக்கவில்லை. அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

ஒரு வண்டி நின்றுவிட்டால் நம் ஊரில் மெக்கானிக்குக்குப் பஞ்சமே வராது. வேட்டி கட்டியவன் எல்லாம் மெக்கானிக். முதலில் செல்லப்பன் வந்து, டீசல் இருக்கிறதா என்று கேட்டார்.

"முள்ளு பாதியில நிக்குது பாருங்க சம்பந்தி."

"முள்ளு காலையில வந்தப்பவும் பாதியிலதானே நின்னுது?"

"அது எப்பவும் பாதியிலதான் நிக்கும்."

உடனே ஒரு குச்சியை வெட்டி டாங்கிக்குள் விட்டுப் பார்த்தார்கள். குச்சி நனைந்து வந்தது. அதை ஒருவர் மோந்து பார்த்து, டீசல்தான் என்று சாட்சி சொன்னார். டீசல் பைப்பில் ஏர் பிடித்திருக்கும் என்றார் ஒருவர். டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் இன்னொருவர். என்ஜினை உசுப்புகிற செல்ஃபே சுற்றாத வண்டியில் டீசலைப் பற்றி ஆராய்ச்சி செய்வது, இலை போடாத பந்தியில் பாயசம் கேட்கிற மாதிரி. அதை யார் சொல்வது? கலியபெருமாள் சம்பந்தி வீட்டு வாசலில் நிற்கிறார். வாயைத் திறக்க முடியாது. சொன்னவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இதற்குள் வெயில் ஏறிவிட்டது. "பாக்கியாவை எறக்கி உள்ள படுக்க வையுங்களேன்" என்று ஒரு பெண் சொன்னாள். "ஆலம் சுத்தி அனுப்பின புள்ள எப்படித் திரும்பப் படி ஏறும்?" என்று நாலு பெண்கள் அவள் மேல் பாய்ந்தார்கள். ஆகவே பாக்கியலட்சுமி காருக்குள்ளேயே இருந்தாள். மங்கம்மா ஒரு விசிறி கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு மோர் கொண்டுவந்தாள். பிறகு ஒரு கிண்ணத்தில் புளிச் சாதம். ஒவ்வொரு முறை வரும்போதும் ஜன்னல் வழியாக மருமகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கலியபெருமாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"மாமா, நான் பாக்கட்டுமா?" என்று தேவா மெதுவாகக் கேட்டான்.

"ஐயோ, மாப்ள! நல்ல நாள்ல உங்க கையில கரி படறதா? நீங்க முன்னாடி உக்காருங்க. சொல்றப்ப சாவிய மட்டும் திருப்புங்க" என்றார் கலியபெருமாள். மாப்பிள்ளை மரியாதை அப்படியாவது நடக்கட்டும் என்று அவனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்கள்.

கலியபெருமாள் செல்போனை எடுத்து, மரக்காணத்தில் பட்டறை வைத்திருக்கும் அர்ச்சுனனைக் கூப்பிட்டார். நோயாளியை நேரில் பார்க்காமல் வைத்தியம் சொல்லமாட்டேன் என்றான் அவன். அப்படியானால் சத்தத்தையாவது கேள் என்று போனை என்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொன்னார்.

"கேட்டுதா?"

"யாரோ ஒரு அம்மா 'அப்பவே சொன்னேன், அப்பவே சொன்னேன்'னுது. அதுதான் கேக்குது."

"அது சம்பந்தியம்மாடா. டக்குன்னு ஒரு சத்தம் வரலை?"

"சரி, ஹெட்லைட்டப் போடு. போட்டுட்டுச் சாவியத் திருப்பு. லைட்டு மங்குதா, சுத்தமா அணையுதான்னு பாத்துச் சொல்லு."

போட்டுப் பார்த்தார்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. தேவா சாவியைத் திருப்பியதும் சுத்தமாக அணைந்தது. சாவியை விட்டதும் மறுபடி பளிச்சென்று எரிந்தது.

"அணையுதுடா அர்ச்சுனா. விட்டா நல்லா எரியுது."

"நல்லா எரியுதா? அப்பப் பேட்டரி இல்ல. நீ முதல்ல..." என்று அவன் ஆரம்பித்தபோது சிக்னல் போய்விட்டது. முந்திரித் தோப்பு வரை நடந்து போய்ப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் பார்த்தார். கிடைக்கவில்லை. இறங்கி வந்தபோது தெருவே பேட்டரி என்று தீர்ப்பு எழுதியிருந்தது. பேட்டரி இல்லையாம் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

தள்ளிப் பார்க்கலாம் என்று ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். அங்கே இன்னொரு சங்கடம் வந்தது. தெரு தெற்குப் பக்கம்தான் சரிவு. வடக்கே மேடு. வியாழக்கிழமை தெற்கே சூலம். பிள்ளைத்தாய்ச்சியைச் சூலத்துக்கு நேராகத் தள்ளுவதாவது என்று பெண்கள் பதறினார்கள். மேட்டில் தள்ளிப் பார்ப்போம் என்று நாலைந்து பேர் கை வைத்தார்கள். கார் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. உள்ளே சின்னப்பாப்பா மட்டும், "ஐயோ, குலுக்காதீங்க! குலுக்காதீங்க!" என்று கத்தினாள்.

ஒன்றரைக்கு ராகுகாலம் என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். செல்லப்பன்தான் சமாதானம் சொன்னார். "புள்ள நல்ல நேரத்துலயே வாசப்படி தாண்டிட்டுது. பயணம் நடந்துகிட்டுத்தான் இருக்குது. சக்கரம்தான் இன்னும் சுத்தலை."

மங்கம்மா நேராகக் கலியபெருமாளிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"அண்ணே, நான் குத்தமாச் சொல்லலை. பகல்ல, இத்தனை பேர் இருக்கச்சவே இப்படி. நாளைக்கு வலியோட அந்தப் புள்ளய இதுல ஏத்தி உக்கார வச்சுட்டு, நீங்க சாவியத் திருப்பறீங்க. டக்குங்குது. அப்ப என்னா பண்ணுவீங்க?"

கலியபெருமாள் செல்போனை எடுத்துச் சிக்னல் வந்திருக்கிறதா என்று பார்த்தார்.

"ஐயரைக் கேட்டு ஒரு பரிகாரம் பண்ணிட்டு, பாக்கியாவ எறக்கி உள்ள கூட்டிக்கிட்டுப் போயிடறேன். பிரசவம் இங்கேயே ஆவட்டும். அண்ணிய இங்க வந்து இருக்கச் சொல்லுங்க."

பின் சீட்டில் சின்னப்பாப்பாவின் கண்கள் நிரம்பிவிட்டன. சுண்ணாம்பு அடித்த அறை அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். அந்தக் கண்களைப் பார்க்கமாட்டாமல் கலியபெருமாள் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் பச்சமுத்து டிராக்டரோடு வந்தான். அடுத்த தெருக்காரன். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். முனையில் கிளிப்பு வைத்த இரண்டு தடித்த ஒயர்களை எடுத்து, சிவப்பை பிளஸ்ஸுக்குப் பிளஸ், கறுப்பை மைனஸுக்கு மைனஸ் என்று இரண்டு பேட்டரியையும் இணைத்தான். "இப்பத் திருப்புங்க. எமனே வந்து உக்காந்திருந்தாலும் ஸ்டார்ட் ஆவும்."

தேவா திருப்பினான். டக்.

"செல்ஃப் மோட்டார் போச்சு" என்றான் பச்சமுத்து, சாவுச் செய்தி சொல்கிற குரலில். கூட்டம் உச்சுக் கொட்டியது. வேடிக்கை முடிந்தது என்று இரண்டு பேர் வீட்டுக்குக்கூடப் போய்விட்டார்கள்.

மங்கம்மாவுக்கு என்ன தோன்றியதோ, திடீரென்று கார் முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள். பேட்டரிக்குப் பக்கத்தில் கொத்தாகத் தொங்கிய சிவப்பு முடிச்சுகளைக் கண்டாள்.

"இது என்னாண்ணே?"

"திருஷ்டிக்கு. என் பாத்தி உப்பு."

மங்கம்மாவின் முகம் மாறியது. "அத்தனையும் பழசா இருக்குதே! காலையிலேருந்து எங்க தெருக் கண்ணு பூராவும் இது மேலதானே இருக்குது? பழைய உப்பு எப்படித் தாங்கும்?" என்று உள்ளே ஓடினாள். இரண்டு கை நிறைய உப்போடு வந்து, காரை மூன்று சுற்றுச் சுற்றி, "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, பேய்க் கண்ணு" என்று முணுமுணுத்துவிட்டு, உப்பை ஒரு துணியில் முடிந்து அவர் கையில் கொடுத்தாள். அனுப்ப மனசில்லாதவள்தான். ஆனாலும் புறப்பட்ட மருமகள் தடங்கலோடு நிற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

கலியபெருமாள் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார். பழைய முடிச்சுகளுக்கு நடுவே புதியதைக் கட்டப் போனபோது, பேட்டரி மைனஸில் மாட்டியிருந்த கறுப்புக் கிளிப்பு இடித்தது. அதைக் கழற்றி, அப்போதைக்கு என்ஜின் மேல் இருந்த ஒரு இரும்பு போல்ட்டில் கவ்வவிட்டுவிட்டு, முடிச்சைக் கட்டினார். "மாப்ள, சாமியக் கும்பிட்டுட்டு ஒரு தரம் திருப்புங்க."

தேவா திருப்பினான். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, தடதடவென்று ஸ்டார்ட் ஆயிற்று.

தெருவில் ஒரே ஆரவாரம். வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். "பாத்தீங்களா, கண்ணேறுதான்!" என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். செல்ஃப் மோட்டார் செத்துப்போனதாகச் சொன்ன பச்சமுத்துகூட, "உப்புக்கு அப்படி ஒரு சக்தி" என்று கட்சி மாறிவிட்டான். மங்கம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை. "இப்ப எனக்குப் பயம் விட்டுப்போச்சுண்ணே. கண்ணுதான் காரணம்னு தெரிஞ்சுபோச்சு. நிம்மதியாக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள்.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், கலியபெருமாளைத் தவிர. அவர் கறுப்புக் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மைனஸில் இருந்தபோது செத்துக் கிடந்த செல்ஃப், என்ஜின் இரும்பில் மாட்டியதும் எப்படிச் சுற்றியது? அர்ச்சுனன் முடிக்காமல் விட்ட பேச்சு இப்போதுதான் அவருக்கு விளங்கியது. பேட்டரியும் நன்றாக இருக்கிறது, செல்ஃபும் நன்றாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் ஒயரில்தான் கோளாறு. அந்த ஒயர் எங்கே? முடிச்சுகளை விலக்கிப் பார்த்தார். நசநசவென்று ஈரம் கோத்திருந்தது. அடியில் ஒயர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் பொடிந்து, இரண்டு மூன்று இழைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. கடற்காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்த உப்பு, மாசக்கணக்கில் அதன் மேல் சொட்டுச் சொட்டாக வடிந்திருக்கிறது. ஆடு நக்கினால் நக்கட்டும் என்று பம்பரிலேயே விட்டிருக்கலாம்.

அவர் முடிச்சுகளை மறுபடி மூடிவிட்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். என்ஜின் ஓடுகிறது. சம்பந்தியம்மா சிரித்த முகத்தோடு அனுப்புகிறாள். மரக்காணம் போய்ச் சேர்ந்ததும் அர்ச்சுனனிடம் சொல்லிப் புது ஒயர் போட்டுக்கொள்ளலாம். மானமும் மிஞ்சும், மகளும் வருவாள். பச்சமுத்து ஒயர்களைக் கழற்றிச் சுருட்டினான். கலியபெருமாள் பானெட்டைச் சாத்தக் கையை வைத்தார்.

"என்னாப்பா?" என்றாள் பாக்கியலட்சுமி, பின் ஜன்னலிலிருந்து. அவள் முகம் வியர்வையில் மினுங்கியது. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

அந்தக் கையைப் பார்த்ததும் அவருக்கு மங்கம்மா கேட்டது காதில் விழுந்தது. அப்போது அது குத்தலாகப் பட்டது. இப்போது அதே கேள்வியை அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். வழியில் ஏதாவது ஒரு தோப்போரத்தில் என்ஜின் அணைந்துவிட்டால்? அர்ச்சுனன் ஊரில் இல்லாமல் போய், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போய், அன்றைக்கே இவளுக்கு வலி எடுத்துவிட்டால்? பெற்ற மகளை வைத்து இப்படி ஒரு சூதாட்டம் ஆடப் பார்த்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. கதவைத் திறந்து, தேவாவைத் தாண்டிக் கையை நீட்டி, என்ஜினை நிறுத்துகிற குமிழைப் பிடித்து இழுத்தார்.

கார் அணைந்தது. தெருவும் அணைந்தது.

"ஐயையோ! என்னாங்க பண்றீங்க?" என்று சின்னப்பாப்பா அலறினாள்.

"தங்கச்சி, உங்க உப்பு ஒண்ணும் பண்ணலை" என்றார் கலியபெருமாள். "என் உப்புதான் பண்ணிடுச்சு. இங்க வந்து பாருங்க."

முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார். கடைசியாக, மங்கம்மா சற்று முன் கட்டிக்கொடுத்ததையும் எடுத்துத் தயங்கித் தயங்கி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எர்த் ஒயரை எல்லாருக்கும் காட்டினார். தொட்டதும் மிச்ச இழைகளும் விட்டுப்போயின.

"உப்பு சக்தியுள்ளதுன்னு நான் சொன்னது சரிதானே?" என்று கேட்டான் பச்சமுத்து.

"உன் கறுப்பு ஒயரைக் குடுப்பா. நாளைக்கு அனுப்பி வைக்கறேன்" என்றார் கலியபெருமாள்.

மங்கம்மா வீட்டுத் தேங்காய் கீறும் கத்தியால் பேட்டரி முனையையும் என்ஜின் போல்ட்டையும் இரும்பு மின்னும் வரை சுரண்டினார். கறுப்பு ஒயரை இரண்டுக்கும் நடுவே இழுத்து, கிளிப்புகள் நழுவாமல் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினார். இந்த முறை யாரும் யோசனை சொல்லவில்லை. தேவா சாவியைத் திருப்பினான். எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் ஆயிற்று.

"அணைங்க" என்றாள் மங்கம்மா.

தேவா அணைத்தான்.

"எடுங்க."

எடுத்தது.

"இன்னொரு தரம்."

மறுபடி அணைத்து, மறுபடி எடுத்தார்கள். ராகுகாலம் வந்து பாதி போய்விட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. மங்கம்மா திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள். தேவா இறங்கிக்கொண்டான். சின்னப்பாப்பா மகளின் தோளைப் பிடித்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். ஒருவழியாக முடிந்தது என்று கலியபெருமாள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முன் பக்கத்து இன்னொரு கதவு திறந்தது. மங்கம்மா ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பையில் மாற்றுப் புடவைகள் தெரிந்தன. ஒரு நாள் இரண்டு நாளுக்கான பை இல்லை அது.

"தங்கச்சி, நீங்களா?" என்றார் கலியபெருமாள். "இப்பத்தான் மூணு தரம் எடுத்துப் பாத்தீங்களே, இன்னமும் வண்டி மேல நம்பிக்கை வரலையா?"

"வண்டி மேல வந்துடுச்சுண்ணே" என்றாள் மங்கம்மா, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு. "உங்க மேலதான் இன்னும் வரலை. புள்ள பொறக்கற வரைக்கும் நானும் அங்கதான்."

பின் சீட்டில் பாக்கியலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வளையல் எல்லாம் குலுங்கியது. சம்பந்தியம்மா சொன்னது கலியபெருமாளுக்கு நியாயமாகத்தான் பட்டது. காதில் விழாத மாதிரி கியரைப் போட்டார்.